காந்தமும் ஏழாம் நம்பர் வீட்டுத் தண்ணீரும்

வாழைப்பழத்தை உரித்துப் பழத்தைத் தானம் செய்துவிட்டு, தோலை மட்டும் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு போன மனிதப் பிறவி திருச்சி மாநகரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. மலைக்கோட்டை உச்சியில் நிற்கவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். தென்னூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில், அந்தப் பிறவியோடு ஒரே அறையில் மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

அவள் பெயர் காந்தம். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் வேறு. அது விடுதிப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதுக்கு மேல் வேதியியலில் பிஎச்.டி. செய்ய வந்தவள். கைப்பையில் எந்நேரமும் ஒரு காந்தம் வைத்திருப்பாள். ஏதோ குண்டூசி பொறுக்குகிற காந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் கடையில் எரிந்துபோன ஸ்பீக்கர் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, அதைப் பிரித்து எடுத்தது. பெரிய சைஸ் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு இருக்கும். தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும்.

என்னை அவள் 'பாலிசி' என்று கூப்பிடுவாள். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். அவள் கணக்கில் மனிதர்களுக்குப் பெயரைவிட வேலைதான் முக்கியம்.

அந்தக் காந்தத்தால் விடுதி பட்ட பாடு கொஞ்சமா? வார்டனம்மாவின் கைக்கடிகாரம் மாதம் ஒருமுறை நின்றுபோகும். பாவம், அவர் இரண்டு தடவை பேட்டரி மாற்றினார், ஒரு தடவை கடைக்காரரிடம் சண்டையும் போட்டார். காந்தத்தோடு பேசி முடித்த பிறகுதான் கடிகாரம் நிற்கிறது என்பதை அவர் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. பஸ்ஸில் ஒருநாள் அவளுடைய பை டிரைவர் பக்கத்து இரும்புத் தகட்டில் போய் அப்பிக்கொண்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டியவள், பையைப் பிய்க்க முடியாமல் ஸ்ரீரங்கம் வரை போனாள். அங்கே கண்டக்டரும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக் கொடுத்தார்கள். இறங்கியதுதான் இறங்கினோம், பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகலாம் என்று கோயிலுக்குப் போயிருக்கிறாள். வாசலில் சோதனை செய்யும் காவலர் பையைத் திறந்து பார்த்து, இது என்ன, எதற்கு என்று கேட்டிருக்கிறார். தண்ணீரில் விஷ உலோகம் இருந்தால் அதை ஒரு பொடி பிடித்துக்கொள்ளும், அந்தப் பொடியைப் பிடிக்க இந்தக் காந்தம் என்று இவள் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் குடித்து மீதி வைத்திருந்த பாட்டிலை எடுத்து நீட்டி, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றாராம். அடுத்த வாரம் அவள் நிஜமாகவே போய் ரிசல்ட் சொல்லிவிட்டு வந்தாள். நல்ல தண்ணீர்தானாம். அதிலிருந்து அந்தக் காவலர் அவளுடைய பையைச் சோதிப்பதே இல்லை.

இனி தோல் விவகாரம். வாழைப்பழத் தோலைக் கழுவி, நறுக்கி, கஷாயம் மாதிரிக் கொதிக்கவைத்து வடிகட்டுவாள். அதில் இரும்பு உப்பைக் கரைத்துச் சேர்ப்பாள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே சரக்குதான். கொஞ்ச நேரத்தில் மொத்தமும் கன்னங்கரேல் என்று மாறும். அடியில் தங்கும் கறுப்புப் பொடியின் ஒவ்வொரு துகளும் நானோ அளவு. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம் என்பாள். வழக்கமாக இப்படிப் பொடி செய்யக் கடுமையான ரசாயனங்கள் வேண்டும்; அவையே மண்ணுக்கும் ஆற்றுக்கும் கேடு. அந்த வேலையைத் தோல் கஷாயம் செய்துவிடுகிறது. இந்தப் பொடியைக் காரீயம் என்ற விஷ உலோகம் கலந்த தண்ணீரில் போட்டால் காரீயம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காந்தத்தைக் காட்டினால் பொடியும் காரீயமும் ஜோடியாக ஓரத்துக்கு வந்து நிற்கும். தண்ணீர் மட்டும் தனியாகிவிடும்.

இதையெல்லாம் அவள் ஆராய்ச்சிக் கட்டுரை பாஷையில் சொல்ல மாட்டாள். காரீயம் அவளுக்கு ஒரு ஆள். "அந்தாளு ஒரு ருசி காட்ட மாட்டான், ஒரு நிறம் காட்ட மாட்டான் பாலிசி. சத்தமே இல்லாம உள்ள வந்து எலும்புல குடியேறிடுவான்" என்பாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

தோல்களிலும் அவளுக்குத் தரவரிசை உண்டு. பூவன் தோல் சமத்து. ரஸ்தாளி சோம்பேறி. கற்பூரவள்ளி நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் மனசு வைக்க வேண்டும். விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் பழம் சாப்பிட்டாலும் தோலை அவள் வாளியில் போட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். போடாமல் ஜன்னல் வழியாக வீசிய கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தியோடு மூன்று வாரம் பேசவில்லை.

விடுதித் தோல் எந்த மூலைக்கு? அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டிக்குக் கிளம்பிவிடுவாள். தாரிலிருந்து கனிந்து உதிர்ந்த பழங்களை ஒரு மண்டிக்காரர் சும்மா கொடுப்பார். அங்கேயே குந்தி உட்கார்ந்து உரித்து, பழத்தைச் சுமை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தோலை மூட்டை கட்டுவாள். முதல் மாதம் அவர்கள் மகராசி என்று வாழ்த்தினார்கள். இரண்டாம் மாதம், போதும்மா, வயிறு என்னத்துக்கு ஆகும் என்றார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அவள் தலையைக் கண்டாலே லாரிக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தார்கள்.

அந்த மண்டிக்காரர் முதல் நாளே, வீட்டில் எத்தனை மாடு என்று விசாரித்திருக்கிறார். தோலை மூட்டை கட்டுகிறவளிடம் வேறு என்ன கேட்பார்? நானோவை விளக்கி முடிப்பதற்குள் காலேஜ் பஸ் போய்விடும் என்பதால், ஆறு மாடு என்று இவள் சொல்லிவைத்தாள். அங்கே பிடித்தது சனி. அவர் வாராவாரம் ஆறு மாட்டையும் பேர் பேராக நலம் விசாரித்தார். செவலை சினையாக இருக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் இவளே சொல்லித் தொலைத்தாள். மாதம் எண்ணி வைத்திருந்து ஒருநாள், கன்று போட்டுவிட்டதா என்று கேட்டார். போட்டுவிட்டது, கிடாரி என்றாள். அப்படியானால் சீம்பால் எங்கே என்றார்.

அன்று அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் அவளும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் சீம்பால் தேடி அலைந்த கதையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு பால்காரர் மூலம் திருவானைக்காவலில் ஒரு வீட்டில் கிடைத்தது. தூக்கில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மண்டிக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். அதைப் பார்த்ததும் இவளுக்கு மனசு தாங்கவில்லை. மாடே இல்லை, தோல் தண்ணீரைச் சுத்தம் பண்ணத்தான் என்று போட்டு உடைத்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை. மூட்டையை அவிழ்த்துத் தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியச் சுத்தம் பண்ணன்னு மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நல்ல தோலாப் பாத்துக் குடுத்திருப்பேனேங்க. மாட்டுக்குத்தானேன்னு அழுகினதையெல்லாம் தள்ளிவிட்டேன்" என்று வருத்தப்பட்டார்.

அழுகின தோல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அறை நாறும். பூட்டிய கதவைத் தாண்டி வராந்தா வரை நாறும். நான் ஊதுவத்தியாகக் கொளுத்தித் தள்ளுவேன். அவள் நிம்மதியாக உட்கார்ந்து இட்லி சாப்பிடுவாள். அவளுக்கு மூக்கு உண்டு, மோப்பம் கிடையாது. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலில் போனதாம். ஆண்டவன் ஒரு பெண்ணைத் தோல் ஆராய்ச்சிக்கென்றே படைத்தால் இப்படித்தான் படைப்பான்.

இதெல்லாம் விளையாட்டு. ஆராய்ச்சி விளையாட்டு இல்லை. சேர்ந்து ஆறு வருஷம் முடிந்து ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. அந்த வருஷம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்து. ஏழு வருஷமும் அம்போ. பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. லேபில் சாதித்ததை மனிதர்கள் குடிக்கும் தண்ணீரில் சாதித்துக் காட்ட வேண்டும்.

திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் வழியில் ஒரு சந்து. பன்னிரண்டு வீடு. அங்கே முன்பு யாரோ பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகை வைத்திருந்தார்கள். மூடிவிட்டுப் போயும் விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன காரீயம் மண்ணில் இறங்கி, சந்துக்குப் பொதுவான ஆழ்குழாய்க் கிணற்றில் கலந்துவிட்டது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் அந்தக் கடைசிச் சந்துக்கு வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். ஆகவே குடிக்கவும் அதே கிணறுதான்.

பன்னிரண்டு வீட்டுக்கும் காந்தம் வடிகட்டி கொடுத்தாள். மண்பானை மேல் பானை. நடுவில் அவளுடைய கறுப்புப் பொடியைப் பூசிய மணல். அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய். பொடி ஏதும் தப்பி வந்தால் பிடிக்க, குழாய் வாயில் ஒரு குட்டிக் காந்தம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஒரு காலி பாட்டில் கொடுப்பாள். காலையில் முதல் தண்ணீரை வீட்டுக்காரர்களே பிடித்து வைக்க வேண்டும். சனிக்கிழமை போய் வாங்கி வருவாள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும், மூடிக்குள் விரல் படக்கூடாது என்று கல்யாணப் பெண்ணுக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தாள்.

பதினோரு வீட்டில் தண்ணீர் தங்கம். ஏழாம் நம்பர் வீட்டில் மட்டும் காரீயம்.

ஏழாம் நம்பர் வீடு ரங்கநாயகி மாமியுடையது. ஐம்பது வயசு, மடி ஆசாரம் பார்க்கிறவர். சந்திலேயே வடிகட்டியை அதிகமாகக் கொண்டாடியதும் அவர்தான். இந்தத் தண்ணீர் வந்த பிறகு சாற்றமுதின், அதாவது ரசத்தின், ருசியே வேறு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். வடிகட்டி வந்து இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள், ஏழாம் மாசம். காரீயம் வயிற்றுப் பிள்ளையைத்தான் முதலில் தேடும் என்று காந்தம் எனக்குச் சொல்லியிருந்தாள். அதனால் அந்தப் பெண் வாசலில் வந்து நின்று சிரிக்கும்போதெல்லாம் இவளுக்கு முகம் வெளுத்துவிடும். பக்கத்து வீட்டில் வாங்கிக் குடிக்கச் சொல்லிப் பார்த்தாள்; அடுத்த வீட்டுத் தண்ணீர் மடிக்கு ஆகாது என்று மாமி கேட்கவில்லை.

மணலை மாற்றினாள். காரீயம் போகவில்லை. பொடியை மாற்றினாள், பானையை மாற்றினாள். போகவில்லை. மாமி வீட்டு வடிகட்டியையே லேபுக்குத் தூக்கிவந்து அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், சுத்தமாக இறங்கியது. திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி காரீயம். "எங்கிட்ட இருக்கும்போது சமத்தா இருக்கு. மாமி வீட்டுக்குப் போனா கெட்டுப்போகுது" என்று கட்டிலில் உட்கார்ந்து புலம்பினாள். தானே போய்க் குழாயில் பிடித்துப் பார்க்கலாம் என்றால், வடிகட்டி இருப்பது மாமியின் சமையல் உள்ளில். காலை வேளையில் மாமி மடியாக இருப்பார். வெளியார் யாரும் உள்ளே போக முடியாது. பானையை மாற்றும்போதெல்லாம் மாமியேதான் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். நீங்களே பிடித்ததுதானே மாமி என்று கேட்டால், என் கையாலதான் என்று பெருமையாகச் சொல்வார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

சமர்ப்பிக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், அவளைக் கூப்பிட்டார். பதினோரு வீடு போதும், ஏழாம் வீட்டை எடுத்துவிடு, ஆராய்ச்சியில் ஒன்றிரண்டு ஒட்டாமல் போவது சகஜம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவளுடைய ஏழு வருஷம் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலை. இவள் சொன்ன பதிலை அவரே பின்னால் எங்களிடம் சொன்னார்: "எடுத்துட்டா பேப்பர்லேர்ந்துதான் சார் போவும். அந்தப் பொண்ணு தினம் அதத்தானே குடிக்குது?"

அந்தச் சனிக்கிழமை பாட்டில் பெட்டியைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன். பன்னிரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பெட்டி என் மடியில். காவிரிப் பாலம் வருவதற்குள் பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. ஒரு பாட்டிலின் மூடி லேசாகத் திறந்து என் கையில் நாலு சொட்டு சிந்திவிட்டது. துடைக்கப் போனவள், சும்மா ஒரு பழக்கத்தில் முகர்ந்தேன். கோயிலில் தீர்த்தம் வாங்கினால் கையில் ஒரு வாசனை நிற்குமே, அது.

"ஏண்டி காந்தம், ஏழாம் நம்பர்ல பச்சைக் கற்பூரம் வாசனை வருது?"

அவள் என்னைப் பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்கி மூக்கில் வைத்து உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சினாள். என்ன உறிஞ்சி என்ன? அவளுக்கு எதுவும் தெரியவில்லை. மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து என் மூக்கடியில் நீட்டினாள். பதினொன்றும் வெறும் தண்ணீர். பக்கத்து சீட்டில் இருந்தவர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ, எழுந்து பின்னால் போய்விட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம். நடந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் ஓடினாள், நான் பெட்டியோடு பின்னால் மூச்சு வாங்கினேன்.

மாமிக்கு நாங்கள் கேட்டது முதலில் புரியவே இல்லை. பிறகு சிரித்தார்.

"பின்ன? பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாம எங்காத்துலேர்ந்து ஒரு சொட்டு வெளில போகுமா? காலேஜ்ல பெரியவாள்லாம் பரீட்சை பண்ணப்போற தீர்த்தம். அதைப் போய் பிளாஸ்டிக் குழாய்லேர்ந்து அப்படியே பிடிச்சுத் தருவேனா? முதல் நாளே குடத்துல பிடிச்சு, துளசி, பச்சைக் கற்பூரம், ஏலக்காய் போட்டு, பெருமாளுக்குக் காட்டிட்டு, மறுநாள் உனக்குத் தரேன். நாங்க குடிக்கறதும் அதேதான்."

"எந்தக் குடம் மாமி?" என்றாள் காந்தம்.

மாமி உள்ளே போய் இரண்டு கையாலும் தூக்கிவந்தார். பித்தளைக் குடம். உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. சும்மா கிடந்த பழைய குடத்துக்கு, வடிகட்டி வந்த அன்றே, இந்தத் தண்ணீருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று தெருவோடு போனவரைக் கூப்பிட்டுப் புதிதாக ஈயம் பூசியிருக்கிறார்.

அன்று மாமி முதல்முறையாகக் காந்தத்தைச் சமையல் உள்ளுக்கு விட்டார். வடிகட்டியிலிருந்து நேராக ஒரு பாட்டில், குடத்திலிருந்து ஒரு பாட்டில். ஆய்வேட்டின் கடைசி அட்டவணைக்காக அவள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பெரிய சோதனைக் கருவியின் நேரம் மறுநாளைக்கு அடுத்த நாள் இருந்தது. அதை இந்த இரண்டு பாட்டிலுக்கும் கொடுத்துவிட்டாள். வடிகட்டித் தண்ணீர் சுத்தம். குடத்துத் தண்ணீரில் காரீயம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் சுத்தமாக இருந்தால் பாதகமில்லை. அதில் யாரோ மலிவாகக் காரீயத்தைக் கலந்து விற்றிருக்கிறார்கள். பூசியவருக்கே அது தெரியாது. வடிகட்டி ஒழுங்காக இறக்கிக் கொடுத்த தண்ணீருக்கு, மாமி பக்தியோடு திரும்பக் காரீயம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். காந்தம் நேராகச் சொன்னாள். மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் குழந்தைக்கு நானே கொடுத்திருக்கேனே என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். காந்தம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பாட்டில எப்புடி அலசணும்னு சொன்னேன் மாமி. தண்ணிய எதுல வைக்கணும்னு சொல்லலையே. தப்பு என்னோடது. உங்களோடது இல்ல."

அன்றே மகளை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ரத்தப் பரிசோதனையில் காரீயம் கொஞ்சம்தான் இருந்தது. நல்ல வேளை, சீக்கிரம் பார்த்தீர்கள், இனி அந்தக் குடம் வேண்டாம் என்றார் டாக்டர். அந்த 'சீக்கிரம்' என்ற வார்த்தையைக் கேட்ட பிறகுதான் காந்தம் மூன்று நாளில் முதல்முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

சரி, இப்போதாவது உட்கார்ந்து எழுதுவாள் என்று பார்த்தால், பதினோரு வீட்டிலும் புகுந்து குடம், தவலை, அடுக்கு என்று ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தாள். இன்னும் மூன்று வீட்டில் அதே பூச்சு அகப்பட்டது. நல்ல காலம், பரணில் கிடந்த பாத்திரங்கள். ஈயம் பூசியவரையும் தேடிப் பிடித்தாள். அவர் பயந்துபோய்த் தன்னிடம் மீதி இருந்த கட்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, இனி சரக்கு வாங்குமுன் உங்களிடம் காட்டிவிட்டு வாங்குகிறேன் என்று சொன்னார். இதற்குள் கடைசித் தேதி வந்தது, போயும் விட்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பல்கலைக்கழக அலுவலகத்தில் அவளுக்காகப் போய் நின்றது யார் தெரியுமா? ஏழாம் வீட்டை எடுத்துவிடச் சொன்ன அதே கைடு. மேஜை மேஜையாக நின்று, ஒவ்வொருவரிடமும் குடத்தின் கதையை முதலிலிருந்து சொல்லி, ஒரு மாத அவகாசம் வாங்கிவந்தார். அந்த மாதத்தில் அவள் ஏழாம் வீட்டை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதினாள்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி. வழக்கமாக நாலு மாணவர்களும் காபிக்காகச் சிலரும் வருவார்கள். அன்று சந்தே வந்தது. பன்னிரண்டு வீட்டு ஜனமும் பட்டுப்புடவை, விசிறிமடிப்பு என்று கல்யாணத்துக்கு வந்த மாதிரி முதல் நாலு வரிசையில் உட்கார்ந்தார்கள். மண்டிக்காரர் முழுத் தார் பூவனைத் தோளில் சுமந்துவந்து மேடைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

காந்தம் பேசினாள். புடவை கட்டத் தெரியாதவளுக்கு நான் கட்டிவிட்ட புடவையில், ஒரு மணி நேரம், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் பேசினாள். கடைசியில் தேர்வாளர், உங்கள் ஆய்வின் பலவீனமாக எதைச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

"தண்ணியை மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன் சார். அது எந்தப் பாத்திரத்துல போய்ச் சேருதுன்னு பாக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு."

மூன்றாவது வரிசையில் மாமி எழுந்து நின்றார். பக்கத்தில் மகள், அவள் மடியில் இரண்டு மாதக் குழந்தை.

"பெரியவா மன்னிக்கணும். ஏழாம் நம்பர் எங்காம்தான். தப்பு எங்காத்துக் குடத்தோடது. அதுக்காகக் குழந்தைக்கு மார்க்கைக் குறைச்சுடாதேங்கோ" என்றார். முப்பத்தெட்டு வயதுக் காந்தத்தைத்தான் குழந்தை என்று சொன்னார்.

தேர்வாளர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். மாமியின் மகளிடம் குனிந்து குழந்தையைப் பார்த்தார். நல்லா பால் குடிக்கிறானா என்று கேட்டார். பிறகு மேடை ஏறி, இந்த ஆய்வுக்கு டாக்டர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று சொன்னபோது சந்து முழுவதும் எழுந்து கை தட்டிய சத்தத்தில் அடுத்த வகுப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். எனக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. பெருமை என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது; நான் வாழ்க்கையில் எதுவும் சாதிக்காத ஒரு நாளில் தெரிந்தது.

இப்போது அவள் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பேராசிரியை. கிணறு கெட்ட ஊர்களிலிருந்து ஆட்கள் அவளைத் தேடி வருகிறார்கள். ஏதோ ஒரு விடுதியில் யாரோ ஒரு வார்டனின் கடிகாரம் நின்றுகொண்டுதான் இருக்கும்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பியிருந்தாள். முந்நூறு பக்கம். வேதியியல் எனக்குப் புரியாது. ஆகவே முதலில் இருக்கும் நன்றியுரையை மட்டும் படித்தேன். கைடுக்கும் மாமிக்கும் அடுத்ததாக என் பெயர். 'ஏழாம் வீட்டை நான் கைவிட்டுவிடாதபடி உடன் நின்ற என் அறைத்தோழிக்கு' என்று அச்சில் இருந்தது. நடந்தது வேறு. ஏழாம் வீட்டை விட்டுத்தள்ளுடி, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளிடம் முதன்முதலில் சொன்னது கைடு இல்லை, நான்தான். கைடு சொல்வதற்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் அறையில், அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன். அவள் அதை மறந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீரின் அளவைக்கூட மாற்றி எழுதாதவள், அந்த முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு பொய் எழுதியிருக்கிறாள். அதை எனக்காக எழுதியிருக்கிறாள்.